நசரத்பேட்டை ஒப்பந்தம்

உலகத்தில் ஃப்ரீமேசன்கள் என்ற ரகசியச் சகோதர சங்கத்தாருக்கு ஒரே தலைமைப்பீடம் என்று எதுவும் கிடையாது. இதை லோகநாதன் எத்தனை பேருக்கு விளக்கியிருப்பார் என்று அவருக்கே தெரியாது. கேட்டவர்களில் எத்தனை பேர் விழித்திருந்தார்கள் என்பது அவர் மனைவி வசந்தகுமாரிக்குத் தெரியும்.

ஒவ்வொரு நிலப்பரப்புக்கும் ஒரு பெருஞ்சபை. தன் எல்லைக்குள் அதுதான் ராஜா. சட்டம் போடுவது, தலைவரைத் தேர்ந்தெடுப்பது, தப்பு செய்த உறுப்பினரைத் தண்டிப்பது எல்லாம் அதன் சொந்த வேலை. ஒரு பெருஞ்சபை இன்னொன்றுக்கு உத்தரவு போட முடியாது. செய்யக்கூடியது ஒன்றுதான்: 'உன்னை அங்கீகரிக்கிறேன்' என்று சொல்லலாம், அல்லது வாயை மூடிக்கொண்டிருக்கலாம். சொல்லிவிட்டால் அவர்கள் கூட்டத்துக்கு இவர்களும், இவர்கள் கூட்டத்துக்கு அவர்களும் போய்வரலாம். சொல்லாவிட்டால், வெளியே நிற்பவன் கூடப்பிறந்தவனாகவே இருந்தாலும் கதவு திறக்காது.

லோகநாதன் தலைவராக இருந்தது அம்பத்தூர் சுதந்திரப் பெருஞ்சபைக்கு. எல்லை, அம்பத்தூர் முழுவதும். கூடுமிடம், மேனாம்பேட்டில் அவர் வீட்டு மொட்டைமாடியில் போட்ட தகரக் கொட்டகை. உறுப்பினர்கள் பதினொரு பேர். அதில் இரண்டு பேர் துபாயில். நகரத்துக்குள் இருக்கும் பழைய, முறையான சபைக்காரர்கள் இப்படி ஒன்று இருப்பதைக் கேள்விப்பட்டதே இல்லை. அதை லோகநாதன், "அவர்கள் நம்மை இன்னும் அங்கீகரிக்கவில்லை" என்று சொல்வார். சபைக்கு இங்கிலீஷில் லாட்ஜ் என்று பெயர்; மாடியில் லாட்ஜ் நடக்கிறது என்று யாரோ சொல்லக் கேட்டு, கோயிலுக்கு வந்த ஒரு குடும்பம் பெட்டி படுக்கையோடு படியேறி வந்து ஒரு நாள் வாடகை எவ்வளவு என்று விசாரித்ததும் உண்டு. அன்று வசந்தகுமாரி சிரித்த சிரிப்பு சபை நடவடிக்கைகளில் இடம்பெறவில்லை.

ஆக, ராஜாவாக இருப்பதில் கஷ்டமில்லை. இன்னொரு ராஜா வந்து நீ ராஜாதான் என்று சொல்ல வேண்டியிருக்கிறது, அதில்தான் கஷ்டம். ஆரம்பித்த நாளிலிருந்து அம்பத்தூரை உலகத்தில் எவரும் அங்கீகரித்ததில்லை. ஒரு தீவு நாட்டுச் சபைக்கு எழுதியதற்கு, நன்கொடை கேட்டுப் பதில் வந்தது. கடைசியில் பூந்தமல்லிப் பெருஞ்சபை சம்மதித்தது. கார்த்திகை மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், நசரத்பேட்டையில், மதிய விருந்தோடு ஒப்பந்தம் கையெழுத்தாவதாக ஏற்பாடு. லோகநாதன் அந்த ஒரு நாளுக்காகக் கறுப்புக் கோட்டு தைத்துக்கொண்டார். ஒப்பந்தத்தையும் அவரே எழுதினார். பதினாறு பக்கம். அதன் பதினாலாவது ஷரத்து இப்படிச் சொன்னது: ஆவடியில் சபை என்ற பெயரில் இயங்கும் கூட்டம் கள்ளச் சபை என்பதால், இரு தரப்பாரும் அதனோடு எவ்வித உறவும் கொள்ளலாகாது, மீறும் பட்சத்தில் அங்கீகாரம் தானாகவே ரத்தாகும்.

ஆவடிச் சபையின் தலைவர் அப்பாவு.

அப்பாவுவும் லோகநாதனும் ஆவடி ராணுவத் தொழிற்சாலையில் ஒரே செக்ஷன். லோகநாதன் மேற்பார்க்கும் சார்ஜ்மேன், அப்பாவு லேத்தில் கடையும் டர்னர். ஓய்வு பெற்றதும் லோகநாதனுக்குச் சபை ஆசை வந்தபோது முதல் உறுப்பினராகச் சேர்ந்தவர் அப்பாவுதான். தலைவர் மேசையில் தட்டுவதற்குத் தேக்கில் ஒரு சுத்தியல் கடைந்து கொண்டுவந்தார். அதுவரை 'சார்' என்றுதான் கூப்பிடுவார். சபையில் எல்லோரும் சமம், பதவி வாசலோடு சரி என்று லோகநாதன் பாடம் நடத்திய பிறகு, ரொம்பக் கூச்சப்பட்டு, 'லோகு' என்று கூப்பிட ஆரம்பித்தார்.

எல்லோரும் சமம் என்பதை லோகநாதன் திரும்பத் திரும்பச் சொன்னதில் ஒரு விபரீதம் நடந்தது. உறுப்பினர்கள் அதை நம்பிவிட்டார்கள். ஒரு வருடம் அப்பாவுவைத் தலைவராகத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள்.

தன் கையெழுத்துக்காக மேசை முன்னால் காத்து நின்ற ஆள் வரும்போது எழுந்து நிற்க வேண்டும் என்று நினைத்த மாத்திரத்தில் லோகநாதனுக்கு எல்லைச் சட்டம் ஞாபகம் வந்தது. அன்றுவரை அது யாருக்கும் ஞாபகம் வந்ததில்லை. அப்பாவுவின் வீடு ஆவடியில். ஆவடி அம்பத்தூர் எல்லைக்கு வெளியே. வெளியூர்க்காரர் தலைவர் நாற்காலியில் உட்காருவது உலகளாவிய மரபுக்கு விரோதம். அப்பாவு, இடுப்பில் கட்டியிருந்த, சபை உறுப்பினரின் அடையாளமான வெள்ளை ஏப்ரனை அவிழ்த்து மடித்து எடுத்துக்கொண்டு படியிறங்கினார். சுத்தியலை மேசையிலேயே விட்டுவிட்டுப் போனார்.

கொஞ்ச நாளில், வெளியூர் என்றால் வெளியூராகவே இருந்துவிட்டுப் போகிறோம் என்று நான்கு பேரைச் சேர்த்துக்கொண்டு ஆவடியில் தனிச் சபை கண்டார். அம்பத்தூர் உடனே அதைக் கள்ளச் சபை என்று பிரகடனம் செய்தது. இவ்வளவுக்கும் அதற்கு முன்னால், சென்னையை முழுக்கிய அந்தப் பெருவெள்ளத்தில் மேனாம்பேட்டு வீட்டுக்குள் தண்ணீர் ஏறியபோது, லோகநாதன் குடும்பத்தோடு போய்த் தங்கியது அப்பாவு வீட்டு மாடியில்தான். அப்பாவுவின் மனைவி கன்னியம்மா ஒரு வாரம் வடித்துப் போட்டார். அப்போது எல்லைப் பிரச்சினை எதுவும் எழவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் விடாமல் பெய்த மழை ஒருவழியாக விட்டு, வானம் அழுக்கு வேட்டி மாதிரி தொங்கிக்கொண்டிருந்தது. காரை ஓட்டியது வசந்தகுமாரி. லோகநாதன் பின்சீட்டில். அவருக்கு ஓட்டத் தெரியாது என்பது ஒரு காரணம். பெருந்தலைவர்கள் முன்சீட்டில் வருவதில்லை என்பது அவர் சொல்லும் காரணம். மடியில் ஏப்ரன் பெட்டி, பக்கத்தில் சுத்தியல், கையில் ஏற்புரை.

"'வரலாற்றுச் சிறப்புமிக்க'ங்கறத எத்தினி வாட்டிதான் சொல்லுவீங்க," என்றார் வசந்தகுமாரி. "மூணாவது வாட்டி வந்துகீது."

"மனப்பாடம் பண்றேன். பேசாத வா."

பூந்தமல்லி தாண்டி பெங்களூர் ரோட்டில் சர்வீஸ் சாலை ஏரியாகியிருந்தது. வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக ஊர்ந்தன. மண்டபத்துக்குத் திரும்பும் இடத்துக்குச் சற்று முன்னால், முழங்கால் தண்ணீரில், ஒரு ஸ்கூட்டர் சாய்ந்து கிடந்தது. பக்கத்தில், அதோடு விழுந்து எழுந்த ஒருவர் நின்றார். வெள்ளைச் சட்டை உடம்போடு ஒட்டியிருந்தது. கழுத்தில் ஒரு பிளாஸ்டிக் கவர் தொங்கியது.

"இன்னாங்க, அது நம்ம அப்பாவு அண்ணன் மாதிரி கீதே."

"ரோட்டப் பாத்து ஓட்டு."

"ரோட்டுலதான் நிக்கிறாரு. பாக்காம எப்டி ஓட்றது."

காரின் முன்கண்ணாடியில் மூலைமட்டமும் கவராயமும் போட்ட சபைச் சின்னம் ஒட்டியிருந்தது. பெரிதாக இருக்க வேண்டும் என்று லோகநாதன் சொல்லிச் செய்தது; நூறடியிலிருந்து தெரியும். அந்த மனிதர் அதைப் பார்த்தார். பார்த்துவிட்டு இரண்டு கைகளையும் மேலே தூக்கி, ஒரு விதமாகக் கீழே இறக்கினார். மறுபடி தூக்கினார்.

"இன்னாத்துக்கு கைய அப்டி ஆட்டிகினு கீறாரு. எக்ஸசைஸா?"

லோகநாதனுக்கு அது என்னவென்று தெரியும். சபையில் சேரும் ஒவ்வொருவருக்கும் ஒரு சைகை கற்றுத்தரப்படும். ஆபத்தில் இருக்கும் சகோதரன் அதைக் காட்டினால், பார்த்தவன் தன் வேலையைப் போட்டுவிட்டு ஓட வேண்டும். அப்படிச் சத்தியம் செய்திருக்கிறார்கள். அப்பாவுவுக்கு அதைக் கற்றுக்கொடுத்தவர் லோகநாதன். தகரக் கொட்டகையில் நிற்கவைத்து, முழங்கை இன்னும் கொஞ்சம் விரியணும் என்று திருத்தியவரும் அவரே. இப்போது முழங்கை சரியாகத்தான் விரிந்திருந்தது.

"நிறுத்தட்டா?"

லோகநாதனின் மூளை சட்டப்படி வேலை செய்தது. சத்தியம் சகோதரனுக்கு. சகோதரன் என்றால் முறையான சபையின் உறுப்பினன். முறையான சபை என்றால் அங்கீகரிக்கப்பட்டது. ஆகவே தண்ணீரில் நிற்பவர் காட்டுவது சைகையே அல்ல. சைகை மாதிரியான ஒன்று.

"வேணாம், போ. நேரமாச்சு. அவரோட பேசக்கூடாதுன்னு தீர்மானம் கீது."

"இன்னா தீர்மானம்?"

"அது கள்ளச் சபை."

"சபைதானே கள்ளம். ஸ்கூட்டர் நல்ல ஸ்கூட்டர்தானே. தண்ணில நின்னுபோச்சு, பாவம்."

"வசந்தா, இன்னிக்கி ஒரு நாள். இன்னிக்கி ஒரு நாளாச்சும் நான் சொல்றத கேளு."

பின்னாலிருந்து லாரி ஒலியெழுப்பியது. வசந்தகுமாரி காரை நகர்த்தினார். டயர் கிளப்பிய அலை அந்த மனிதரின் இடுப்புவரை ஏறி இறங்கியது. லோகநாதன் ஏற்புரையை முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டார். தன்னைப் பார்த்திருக்க முடியாது என்று நினைத்துக்கொண்டார். பின்கண்ணாடியில் கறுப்புத்தாள் ஒட்டியிருக்கிறது. வெளியிலிருந்து ஒன்றும் தெரியாது. ஆனால் அந்தச் சின்னம் ஒட்டிய கார் இந்தப் பக்கத்தில் ஒன்றுதான் என்பதும், அதன் பின்சீட்டில் போகிறவர் ஒருவர்தான் என்பதும் உடனே ஞாபகம் வந்து தொலைத்தது.

மண்டபத்து வாசலில் அவரை இறக்கிவிட்டு, "பார்க்கிங் பாத்துகினு வரேன்," என்றார் வசந்தகுமாரி. பார்க்கிங் எதிரிலேயே காலியாக இருந்தது. லோகநாதன் அதைக் கவனிக்கவில்லை.

மண்டபம் பூந்தமல்லிப் பெருந்தலைவர் இருதயராஜுக்குச் சொந்தம். செம்பரம்பாக்கம் பக்கம் கிடங்குகள் கட்டி வாடகைக்கு விட்டிருப்பவர். அவர் சபையில் நாற்பது பேர். காரணம் கொள்கைப் பிடிப்பு என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை.

"வாங்க அண்ணாத்தே, வாங்க. இன்னா கோட்டெல்லாம் பலமா கீது," என்று லோகநாதனின் தோளில் கை போட்டார். "மொதல்ல நீங்களே உங்க சபைய தொறந்து நடத்துங்க. விருந்தாளிக்கி அந்த மரியாத உண்டுல்ல. நான் ஒரு நிமிசம் பின்னாடி போய்ட்டு வந்துர்றேன். பிரியாணி மாஸ்டர் தம் போட ஆளக் காணோம்னு கத்திகினு கீறான்."

ஆகவே அந்த மேடையின் நடு நாற்காலியில் லோகநாதன் உட்கார்ந்தார். எதிரே வலப்பக்கம் பூந்தமல்லிக்காரர்கள், இடப்பக்கம் அம்பத்தூர்க்காரர்கள். கதவருகே காவலுக்கு ஸ்ரீநாத். அவர் கோவில்பட்டிக்காரர், அம்பத்தூரில் அடுக்குமாடியில் குடியிருந்து ஐ.டி. கம்பெனிக்குப் போகிறவர், நாலு பேர் பழக்கம் கிடைக்கும் என்று சபையில் சேர்ந்தவர்; கையில் வாள் கிடைத்தது. வாள் நாடக சாமான் வாடகைக் கடையிலிருந்து வந்தது.

லோகநாதன் சுத்தியலால் மூன்று முறை தட்டினார். அமைதி. அவர் வாழ்க்கையில் ஏசி மண்டபத்தில் தட்டிய முதல் தட்டு. "வரலாற்றுச் சிறப்புமிக்க இந்நன்னாளில்," என்று ஆரம்பித்தார்.

கதவு தட்டப்பட்டது.

ஸ்ரீநாத் கதவைக் கொஞ்சம் திறந்து பார்த்தார், பேசினார், திரும்பினார். வாளை மார்புக்கு நேராக நிறுத்தினார். "பெருந்தலைவர் அவர்களே, வெளியே ஒரு விருந்தினர். ஆவடிப் பெருஞ்சபையின் தலைவர் என்கிறார். உள்ளே வர அனுமதி கேட்கிறார்." பிறகு குரலைத் தாழ்த்தி, "முழுசா நனைஞ்சிருக்காரு சார். கூட நம்ம அம்மாவும் நிக்காங்க," என்றார்.

கதவு இன்னும் கொஞ்சம் திறந்துகொண்டது. வாசலில் அப்பாவு நின்றார். கால் பக்கத்தில் தண்ணீர் சொட்டிச் சிறிய குளமாகிக்கொண்டிருந்தது. கழுத்திலிருந்த பிளாஸ்டிக் கவருக்குள் ஏப்ரன் மட்டும் நனையாமல், மடிப்புக் கலையாமல் இருந்தது. அவருக்குப் பின்னால், சேலைக் கரையெல்லாம் சேறாக, கார்ச்சாவியோடு வசந்தகுமாரி.

புது விருந்தினர் வந்தால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. ஸ்ரீநாத் அதைப் பாடம் ஒப்பிப்பதுபோலக் கேட்டார்: "வாசலில் நிற்பவரை அறிந்தவர் இந்தச் சபையில் எவரேனும் உண்டா? உண்டெனில் எழுந்து உறுதி கூறுக."

ஒருவர் எழுந்து, 'நான் அறிவேன்' என்றால் போதும். அம்பத்தூர் வரிசையில் இருந்த அத்தனை பேருக்கும் அப்பாவுவைத் தெரியும். அவர் கையால் சபையில் டீ வாங்கிக் குடித்தவர்கள். அவர்கள் அனைவரும் லோகநாதனைப் பார்த்தார்கள். பிறகு, யாரோ சொல்லிவைத்த மாதிரி, தங்கள் ஷூக்களைப் பார்த்தார்கள்.

பூந்தமல்லிக்காரர்கள் நாற்பது பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். லோகநாதன் கண்ணில் பதினாலாவது ஷரத்து ஓடியது. மீறும் பட்சத்தில். தானாகவே ரத்தாகும். சட்டப்படி அவர் சொல்ல வேண்டியிருந்தது, 'இவர் சபை அங்கீகரிக்கப்படாதது' என்று மட்டுந்தான். அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் அவருக்கு எதையும் அழுத்தம் திருத்தமாகச் சொல்லிப் பழக்கம்.

"ஆவடியில் அப்படி ஒரு பெருஞ்சபை இருப்பதாக எமக்குத் தெரியாது," என்றார். குரல் நன்றாகவே வந்தது. "இவரையும் எமக்குத் தெரியாது. இவர் யாரென்றே நான் அறியேன்."

சொல்லிவிட்டுச் சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டினார். கைக்குள் அதன் பிடி வழவழவென்று, தன் கைக்கு அளவெடுத்துக் கடைந்த மாதிரி இருந்தது. அளவெடுத்துத்தான் கடைந்தது.

அப்பாவுவின் முகத்தில் ஒன்றும் மாறவில்லை. காதில் தண்ணீர் போயிருந்ததால் சரியாகக் கேட்கவில்லையோ என்னவோ, தலையைச் சாய்த்துச் சுண்டுவிரலால் காதை ஒரு தரம் குடைந்துகொண்டார். வசந்தகுமாரி மட்டும் கணவரையே பார்த்துக்கொண்டிருந்தார். கோபமாகப் பார்த்திருந்தால் லோகநாதனுக்குப் பழக்கம். இது வேறு மாதிரி இருந்தது. கடையில் துணியை விரித்துக் காட்டும்போது ஓட்டை கண்ணில் பட்டதும் ஒன்றும் சொல்லாமல் மடித்துத் திருப்பிக் கொடுப்பாரே, அந்தப் பார்வை.

அப்போது பின்கதவு வழியாக இருதயராஜ் வந்தார். கையில் புதினா வாசனை.

"அட, அப்பாவு அண்ணாத்தே. இன்னா வெளியவே நிக்கிறீங்க, உள்ள வாங்க. இன்னாய்யா இது, மனுசன் இப்டி நனஞ்சிகினு கீறாரு, ஒரு துண்டு குடுக்க ஆளில்லியா." ஸ்ரீநாத்தின் வாளை விரலால் ஒதுக்கிவிட்டு அப்பாவுவைக் கையைப் பிடித்து உள்ளே அழைத்துவந்தார். "லோகநாதன் அண்ணாத்தே, உங்களுக்கு ஒரு சர்ப்ரைசா இருக்கட்டும்னு சொல்லல. போன மாசமே இவங்களோட ஒப்பந்தம் போட்டாச்சு நாங்க. ரெண்டு பேரும் ஒரே ஃபேக்டரியாமே. பழைய சினேகிதம், ஒரே மேடைல ஏத்திடலாம்னுதான் வரச் சொன்னேன்."

ஏசி மட்டும் பேசிக்கொண்டிருந்தது.

"இன்னா, எல்லாரும் எளவு ஊடு மாதிரி ஒக்காந்துகினு கீறீங்க," என்றார் இருதயராஜ்.

பூந்தமல்லிக்காரர் ஒருவர் இருமினார். ஸ்ரீநாத் வாளை எங்கே வைப்பதென்று தெரியாமல் குடை மாதிரி கக்கத்தில் வைத்துக்கொண்டார்.

இனி முறை என்று ஒன்று இருக்கிறது. ஒரு பெருஞ்சபைத் தலைவர் விருந்தினராக உள்ளே வந்தால், நாற்காலியில் இருப்பவர் இறங்கி வந்து கை கொடுத்து வரவேற்க வேண்டும். அந்தக் கை கொடுத்தலில் ஒரு ரகசியப் பிடி உண்டு. அதில்தான் ஒருவரை ஒருவர் சகோதரர் என்று தெரிந்துகொள்வார்கள். லோகநாதன் மேடையிலிருந்து இறங்கினார். மூன்று படிகள்தாம், மூன்றிலும் கால் தேடியது. கையை நீட்டி, விரல்களை அந்தப் பிடிக்கு ஏற்றபடி வைத்தார்.

அப்பாவு அந்தக் கையைச் சாதாரணமாகப் பிடித்துக் குலுக்கினார். ரேஷன் கடையில், கல்யாண வீட்டில், யாரும் யாருக்கும் கொடுக்கிற கை. ஈரமாக, சில்லென்று இருந்தது.

"வணக்கம் சார்," என்றார். "என் பேரு அப்பாவு. ஆவடிலேந்து வரேன்."

பூந்தமல்லிக்காரர்களில் இரண்டொருவர் நகைச்சுவை என்று நினைத்துச் சிரித்தார்கள். அப்பாவு சிரிக்கவில்லை. கிண்டல் செய்கிற முகமும் இல்லை அது. அறிமுகம் இல்லாத பெரிய மனிதரிடம் மரியாதையாகப் பேசுகிற முகம். அந்த 'சார்' லோகநாதனை லேத் மெஷின்கள் ஓடிய அந்தப் பழைய கூடத்துக்கே கொண்டுபோய் நிறுத்தியது. அங்கே தன் மேசைக்கு முன்னால் எத்தனை நேரம் இந்த மனிதர் நின்றிருப்பார் என்று முதல் முறையாகத் தோன்றியது.

"மிக்க மகிழ்ச்சி," என்றார் லோகநாதன்.

ஒப்பந்தத்தை மேசையில் விரித்தார்கள். கையெழுத்துப் போடக் குனிந்த இருதயராஜ் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். அதுவரை அவர் அதை ஒரு வரி படித்ததில்லை என்பது அவர் புரட்டிய விதத்திலேயே தெரிந்தது.

"இன்னாது அண்ணாத்தே, பதினாலாவதுல. ஆவடியோட எந்த ஒறவும் வெச்சிக்கக் கூடாதுன்னு போட்டுகீதே. யாரு எழுதுனது இத?"

எழுதியவரைத் தவிர எல்லோரும் எழுதியவரைப் பார்த்தார்கள்.

"தட்டச்சுப் பிழை," என்றார் லோகநாதன்.

நான்கு வரித் தட்டச்சுப் பிழையை இருதயராஜ் பேனாவால் அடித்தார். பெரிய மனது, ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலை என்று லோகநாதனுக்கு இருந்தது. கையெழுத்து ஆனது. கைதட்டினார்கள். அம்பத்தூர் சுதந்திரப் பெருஞ்சபை உலகத்தில் முதன்முதலாக அங்கீகரிக்கப்பட்டது. புகைப்படக்காரர் மூன்று தலைவர்களையும் சேர்த்து நிற்கவைத்து, "கோட்டு சார், கொஞ்சம் நிமிந்து பாருங்க," என்றார். நாலைந்து முறை சொல்லிப் பார்த்துவிட்டு, வந்தது போதும் என்று எடுத்துக்கொண்டார்.

பந்தியில் அப்பாவுவுக்கு எதிர் இலை லோகநாதனுக்கு. யாரோ கொடுத்த துண்டைப் போர்த்திக்கொண்டு அப்பாவு சாப்பிட்டார். வசந்தகுமாரி அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்.

"தம்பி, இவருக்கு ஒரு லெக் பீஸ் வெய்யி," என்று பரிமாறுகிறவரைக் கூப்பிட்டார். "பாவம், ஊரு பேரு தெரியாத மனுசன். நம்ம ஊட்டு வெள்ளத்துல ஒரு வாரம் சோறு போட்டவரு மாதிரியே கீறாரு, ஆனா அவரு வேறயாம்."

"உடும்மா," என்றார் அப்பாவு. அவ்வளவுதான்.

லோகநாதன் இலையில் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். உள்ளே போகவில்லை. கறுப்புக் கோட்டுக்குள் வேர்த்தது. கழற்றலாம், கழற்றினால் சட்டையின் வேர்வை தெரியும்.

திரும்பும்போது மணி மூன்றிருக்கும். மறுபடி தூறல். ஸ்கூட்டரை மெக்கானிக் தூக்கிப் போயிருந்தான். "உங்க ஊடு தாண்டித்தானே நாங்க போகணும், ஏறுங்க," என்று வசந்தகுமாரி பொய்யாக ஒரு பூகோளம் சொல்லி அப்பாவுவைக் காரில் ஏற்றினார். முன்சீட்டில் பூந்தமல்லிச் சபை கொடுத்த கேடயமும் பழத்தட்டும் இருந்தன. ஆகவே பின்சீட்டில் பெருந்தலைவர்கள் இருவரும் பக்கத்துப் பக்கத்தில். நடுவில் சுத்தியல்.

அப்பாவு அதை ஒரு முறை பார்த்தார். தலைப் பக்கம் சின்னதாக ஒரு கீறல் விட்டிருந்தது. கட்டைவிரலால் அதைத் தடவிப் பார்த்துவிட்டு, கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

லோகநாதன் மூன்று முறை பேச ஆரம்பித்தார். ஒரு முறை தொண்டையைக் கனைத்ததோடு சரி. இன்னொரு முறை, "மழை," என்றார். அப்பாவு, "ஆமா சார்," என்றார். மூன்றாவது முறை அது வாயருகே வந்தபோது லாரி ஒன்று கடந்துபோனது. அந்தச் சாக்கில் விழுங்கிவிட்டார். மன்னிப்புக் கேட்பதற்கு எந்தச் சபையின் நடைமுறையிலும் வாசகம் இல்லை. இருந்தால் மனப்பாடம் செய்திருப்பார்.

ஆவடிக்குள் நுழைந்ததும், சாலை இரண்டாகப் பிரியும் இடத்தில் வசந்தகுமாரி காரை நிறுத்தினார்.

"வழி மறந்துபோச்சு," என்றார். "எந்தப் பக்கம் திரும்பணும்?"

அப்பாவு ஜன்னல் வழியாக வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். கேட்காத மாதிரி இருந்தார். பின்னால் ஒரு பஸ் ஒலியெழுப்பியது.

"தெரிஞ்சவங்க யாருனா சொல்லுங்கப்பா," என்றார் வசந்தகுமாரி, கண்ணாடியில் பார்க்காமல்.

பஸ் மறுபடி ஒலியெழுப்பியது. பின்னால் இன்னும் இரண்டு வண்டிகள் சேர்ந்துகொண்டன.

"லெஃப்ட்டு," என்றார் லோகநாதன். மேடையில் அவ்வளவு நன்றாக வந்த குரல் இப்போது அவருக்கே கேட்கவில்லை. "தண்ணி டேங்க் தாண்டி, ரெண்டாவது சந்து. பச்ச கேட்டு."

வசந்தகுமாரி வண்டியைத் திருப்பினார்.

கொஞ்ச தூரம் போனதும் அப்பாவு சொன்னார். "பச்ச இல்ல இப்ப. நீலம் அடிச்சாச்சு."

நீல கேட்டின் முன்னால் கார் நின்றது. அப்பாவு இறங்கி, கதவைச் சாத்தாமல், கேட்டைத் தள்ளித் திறந்தார். வீட்டுக்குள்ளிருந்து கன்னியம்மா எட்டிப் பார்த்தார். தூறலுக்குக் கையை நெற்றியில் வைத்துக்கொண்டு காரைப் பார்த்தார், கண்ணாடி போட்டிருக்கவில்லை.

"யாருங்க அது, கார்ல?"

அப்பாவு கேட்டின் கொண்டியில் கைவைத்தபடி திரும்பி காரைப் பார்த்தார். லோகநாதன் சுத்தியலைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"தெரிஞ்சவருதான்," என்றார் அப்பாவு.

"தெரிஞ்சவருன்னா இன்னாத்துக்கு வண்டிலயே ஒக்காந்துகினு கீறாரு. உள்ள வரச் சொல்லுங்க."

வசந்தகுமாரி இஞ்சினை அணைத்தார். சாவியை எடுத்துக்கொண்டு இறங்கி, கன்னியம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். கேட்டும் திறந்திருந்தது, கார்க் கதவும் திறந்திருந்தது. தூறல் சீட்டில் விழுந்துகொண்டிருந்தது. லோகநாதன் சீட் பெல்ட்டின் கொக்கியை, அதை எப்படிக் கழற்றுவதென்று தெரியாதவர்போல, குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தார்.